படலையில் கட்டிய வெள்ளைத் துணி

'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று சிவப்பெழுத்தில் அச்சடித்த தாள்களை ஒரு கட்டாக என் கையில் தந்தார்கள். ஒட்டுவதற்குப் பசை தரவில்லை. அரசாங்கக் கந்தோரில் கேட்டால், மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லையாம். கொரோனாவே கடல் தாண்டி வந்துவிட்டது, பசை வரவில்லை! வீட்டுக்குப் போய்க் கோதுமை மாவைக் காய்ச்சி, பழைய பால்மாப் பேணி ஒன்றில் அள்ளிக்கொண்டு, ஸ்கூட்டியில் திரிந்து திரிந்து ஒட்டினேன். மாவுப் பசை என்றால் கழுதைகளுக்கு விருந்து. காலையில் ஒட்டின தாளைப் பின்னேரம் பார்த்தால் பாதிதான் இருக்கும். 'தனிமைப்' என்று மட்டும் மிச்சமிருந்த ஒரு வேலிப் படலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் ஓலைத்தொடுவாய்ப் பக்கத்தில் கிராம அலுவலர். எங்கள் சனம் இன்றைக்கும் விதானை என்றுதான் சொல்லும். முகத்துக்கு முன்னால் நான் 'ஜி.எஸ். அக்கா'. முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் என்றும் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏசிப்போட்டுப் பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற ஆள் நான். அந்தக் காலத்தில் ஏசினதுதான் கூட.

ஏசாமல் என்ன செய்வது? நாளுக்கொரு சுற்றறிக்கை வரும். ஊரடங்கு, பாஸ், முகக்கவசம், கை கழுவுதல், ஆளுக்காள் ஒரு மீட்டர். இதையெல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆளோடு ஆள் ஒட்டினால் நோயும் ஒட்டும், அவ்வளவுதான் விசயம், அது எனக்கும் விளங்கும். ஆனால் கரைவலை இழுக்கிறவனிடம் போய் ஒரு மீட்டர் தள்ளி நின்று இழு என்று சொல்ல வேண்டியது நான். "அக்கா, அப்ப வலையையும் ஒரு மீட்டர் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ" என்பான் அவன். ஒவ்வொரு ஒழுங்கையும் பெருந்தெருவில் ஏறுகிற வாசலில் தண்ணீர் வாளியும் சவர்க்காரமும் வைத்தேன். சவர்க்காரம் அப்படியே காய்ந்து வெடித்துக் கிடந்தது. தண்ணீரைக் காகம் குடித்தது.

முதல் தடவை நோய் பரவியபோது எங்கள் பக்கம் தப்பிவிட்டது. அடுத்த தடவை நோய் மீனோடு வந்தது. கொழும்புப் பக்கத்து மீன் சந்தையில் தொற்று என்று செய்தி வந்தது. எங்கள் மீனெல்லாம் அங்கேதான் போகிறது. மீன் ஏற்றிப் போகிற கூலர் லொறி ஓட்டுகிற தம்பி ஒருவன் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தான். ஒழுங்கை வாசலில் முதல் வீடு என்னுடையது. எதிர் வரிசையில் நாலாவது படலை அவனுடையது. மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தார்கள். இருக்கிறது என்று வந்தது. அம்புலன்ஸ் வந்து நிற்க, வேலிக்குப் பின்னால் ஊரே நின்று பார்த்தது.

அவன் ஒரு பையோடு வெளியே வந்தான். ஏறுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, அவளைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவள் என்றால் அவனுடைய பெண்சாதி. நிறைமாதத்துக்குக் கிட்ட. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று தொடக்கத்திலேயே போய்விட்டது. மற்றது வயிற்றில் நன்றாக வளர்ந்த பிறகு போனது. அந்தச் சின்னக் குழிக்குப் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் இந்தப் பிள்ளை அவர்களுடைய பிள்ளை மட்டுமில்லை. ஒழுங்கை முழுக்க மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு எதிர்பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனாருக்குக் காது கேட்காது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் "ஆ?" என்பார். அவளுடைய தாய் இலுப்பைக்கடவையில். வந்து மகளோடு அடைபட்டுக் கிடக்கிறேன் என்று அந்த மனிசி கெஞ்சியது. பூட்டின வீட்டுக்குள் புதிதாக ஆள் போகக்கூடாது என்று அனுமதி தரவில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். சண்டையும் பிடித்துப் பார்த்தேன். நடக்கவில்லை.

அதோடு அந்தப் படலைக்கு முன்னால் ஒரு குருவியும் நடக்காது. நேற்றுவரை அந்த வீட்டில் மீன் வாங்கித் தின்றவர்கள், கடற்கரைக்குச் சுற்றுப்பாதையால் போனார்கள். ஒழுங்கையின் கடைசி அந்தலையில் இருக்கிற ஓட்டோக்கார முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்போம், நல்ல மனிசன், அவர்கூட ஓட்டோவைப் பின்பக்கத்து மணலுக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனார். அவர்களுக்கு எதிர் வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம் வந்து, அந்த வீட்டு முருங்கையில் இருந்த காகம் தன்னுடைய கிணற்றுக் கட்டில் வந்து இருக்கிறதாம், அதற்கு என்ன சட்டம் என்று கேட்டாள். "காகத்துக்கு நான் தாள் ஒட்டவோ?" என்று எரிந்து விழுந்தேன். ஏசினேனே தவிர, எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. பயம் பொதுவாக இருந்தது.

வீட்டில் இருந்த ஒரே ஃபோன் புருசனோடு போய்விட்டது. நான் ஒரு பழைய ஃபோனைத் தேடிக் கொடுத்தேன், அதில் சார்ஜ் நிற்கவில்லை. ஆகவே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"பிள்ளை, வலியோ, காய்ச்சலோ, சாமான் முடிஞ்சுதோ, எதெண்டாலும் படலையில ஒரு துணியைக் கட்டிவிடு. என்ர வாசலில நிண்டால் எனக்குத் தெரியும். நான் இல்லாட்டி ஆரும் கண்டு எனக்குக் கோல் எடுப்பினம்."

"ஓம் அக்கா."

நல்ல ஏற்பாடுதான். சீனி முடிந்த அன்று சிவப்புச் சட்டைத் துணி ஒன்று தொங்கியது, கொண்டுபோய்ப் படலையில் வைத்தேன். இன்னொருநாள் கிழவருக்கு இருமல் மருந்து, அன்றைக்குப் பச்சைச் சாரம். "இண்டைக்கு என்ன கொடி ஏத்தியிருக்கு?" என்று ஒழுங்கை பகிடி விடத் தொடங்கியது. மேலிடத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. என்ன நிறத் துணி கட்டக்கூடாது என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் இந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. நான் பள்ளிக்கூட மண்டபத்தில் நிவாரணப் பொதி பிரித்துக்கொண்டு நின்றேன். ஃபோன் அடித்தது. எதிர் வீட்டுக்காரி.

"அக்கா, ஓடி வாங்கோ. கிழவர் போயிட்டார்."

"ஆர் சொன்னது?"

"படலையில வெள்ளை கட்டியிருக்கு அக்கா."

எங்கள் கரையில் படலையில் வெள்ளை கட்டியிருந்தால் அது செத்த வீடு. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மழைக்கோட்டைக் கூடப் போடாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். வழி முழுக்க எனக்குள் சுற்றறிக்கைதான் ஓடியது. பூட்டின வீட்டில் சாவு என்றால் முதலில் உடலைச் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை கொடுக்க மாட்டார்கள். சனம் சேரக்கூடாது. இதை இந்தச் சனத்துக்கு நான் எப்படிச் சொல்லப் போகிறேன், மாதாவே! பாதி வழியில் மாதா கோயில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. கோயிலைப் பார்க்கிற மூப்பருக்கும் செய்தி போய்விட்டது. வாரக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கோயில், மணிக்கு மட்டும் திறந்திருக்கிறது.

போய்ப் பார்த்தால் ஒழுங்கை நிறையச் சனம். எங்கள் சனத்துக்குக் கூட்டம் வைத்து ஒரு முடிவெடுக்கத் தெரியாது. செத்த வீடு நடத்த ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதற்குள் ஒருத்தி பெரிய கேத்திலில் தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டாள். ஓட்டோக்கார நானா, சனம் குந்தியிருக்க, கோயில் களஞ்சியத்துப் பிளாஸ்டிக் கதிரைகளை ஓட்டோவில் அடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். காகத்துக்குச் சட்டம் கேட்ட எதிர் வீட்டுக்காரி படலையைத் திறந்து முற்றத்துக்குள்ளேயே நிற்கிறாள். கலியாணம் என்றால் எங்களுக்கு அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்கு அழைப்பும் இல்லை, கோபதாபமும் இல்லை. நோய்ப் பயமும் அன்றைக்கு இல்லை. மழையில் கழன்று விழுந்த என்னுடைய தாளை மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

பெண்கள் வாய்விட்டு அழத் தொடங்கினார்கள். "ஐயோ அப்பு, ஒரு வாய்த் தண்ணி தர விடாமப் பண்ணிப்போட்டாங்களே!" என்று ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். பண்ணிப்போட்டது யார்? நான்தான். கண்ணை என் பக்கமே வைத்துக்கொண்டு பாடினாள்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. கிழவர் வெளியே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தலோடு. சனத்தைப் பார்த்தார். அழுகிற வாய்களைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

ஒப்பாரி நின்றது. யாரோ ஒருவர் சிரிக்கவும் முடியாமல் இருமினார். அப்போதுதான் உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது. கூப்பிட்ட குரல் இல்லை. வலியில் பல்லைக் கடித்து, கடிக்க முடியாமல் விட்ட குரல்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாள் முந்தி வலி வந்திருக்கிறது. துணி கட்டச் சொல்லிக் கிழவரிடம் கைகாட்டியிருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, அவித்து, வீட்டுக்குள் கொடியில் போட்டிருந்தாள். அவர் கைக்கு எட்டின முதல் துணியைக் கட்டிவிட்டார். அவருடைய கண்ணுக்கு அது பேரப்பிள்ளையின் துணி.

பெண்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு நகர்ந்தார்கள். நான் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலை மறித்தேன்.

"ஒருத்தரும் உள்ளுக்குப் போகக் கூடாது! பூட்டின வீடு இது!"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"அக்கா, சட்டத்தை நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, என் கைக்குக் கீழால் உள்ளே போய்விட்டாள்.

நான் கையை இறக்கினேன். அதைப் பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சரி என்று சொல்லி அடுத்த ஊருக்குப் புத்தி சொல்லவும் மாட்டேன்.

அம்புலன்ஸுக்கு அடித்தேன். வேறொரு நோயாளியோடு வவுனியாப் பக்கம் போயிருக்கிறது, திரும்பி வரவேண்டும் என்றார்கள். உள்ளே எதிர் வீட்டுக்காரி, "நேரமில்லை அக்கா" என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்க்குமுன் நானா ஓட்டோவிலிருந்து கதிரைகளை மழைக்குள் இழுத்து எறிந்துகொண்டிருந்தார்.

"ஏத்துங்கோ தங்கச்சி. அல்லாஹ் இருக்கிறான்."

"நானா, உங்கட வீட்டிலயும் சின்னப் பிள்ளையள் இருக்கு."

"இருக்குதானே. அதுதான் சொல்றன், ஏத்துங்கோ."

அவளை ஏற்றினோம். நானும் ஏறினேன். பயமாக இருந்தது. இருந்த பயத்தை இல்லை என்று சொல்ல நான் என்ன புனிதையா? எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது. என் முகக்கவசம் மழையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக் கிடந்தது. அவளுடைய தலை என் மடியில். மன்னார் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. ஒரே ஒரு விசயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அக்கா, இது தங்குமோ?"

"தங்கும். வாயை மூடிக்கொண்டு மூச்சை இழு" என்று அவளையும் ஏசினேன். வேறு என்ன எனக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் தலையிலிருந்து கால்வரை மூடின உடுப்போடு வந்து, அவளைத் தனிக் கட்டடம் ஒன்றுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். நானும் நானாவும் வெளியே சுவரோரம் நின்றோம். ஒரு ஓட்டோவுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள், இறங்கினதும் ஒரு மீட்டர் தள்ளி நின்றோம். அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகை வந்துவிட்டது. நானா மற்றப் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு நேர்ஸ் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். பெண் பிள்ளை. நிறை கொஞ்சம் குறைவு, குரலில் குறைவில்லை, தாய் சுகம் என்றாள். கதவு மூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பைக்குள் இருந்த ஃபோனை எடுத்தேன். திரை நிறைய ஒரே நம்பர். சிகிச்சை நிலையத்திலிருந்து அவன். யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு அடித்து, உன் வீட்டில் வெள்ளை கட்டியிருக்கு என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறான். அதோடு ஊரில் ஒருவரும் ஃபோன் எடுக்கவில்லை. எல்லாரும் ஒழுங்கையில் நின்றார்கள்.

நான் அந்த நம்பருக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினான். ஹலோ சொல்லவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"ஆர் அக்கா?"

வீட்டில் இருந்தது தகப்பன், பெண்சாதி, வயிற்றுப் பிள்ளை. இவ்வளவு நேரமும் அந்த மூன்று பேரையும் மாறி மாறிச் சாகக் கொடுத்துக்கொண்டு அங்கே இருந்திருக்கிறான்.

"ஒருத்தரும் குறையேல்லையடா" என்றேன். "ஒராள் கூடியிருக்கு."

அவன் அழத் தொடங்கினான். பக்கத்துக் கட்டில்காரர் யாரோ ஃபோனை வாங்கி, "இவர் என்னத்துக்கு அழுறார், ஆர் மோசம் போனது?" என்று பதறினார். "மகள் பிறந்திருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் அதை உரத்துச் சொல்ல, நோயாளிகள் நிறைந்த அந்த மண்டபத்தில் கை தட்டுகிற சத்தம் கேட்டது. நானாவிடம் ஃபோனை நீட்டி அவரையும் கேட்க வைத்தேன். ஒரு மீட்டரை அப்போது யாரும் அளக்கவில்லை.

சரி, சட்டத்தை நாளைக்குக் கதைப்பம் என்றாளே, நாளைக்கு வந்தது. சுகாதாரப் பரிசோதகர் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினான். பொடியனுக்கு முகம் கொதித்துப் போயிருந்தது. "என்னக்கா, ஒரு வீட்டைப் பூட்டச் சொன்னால் ஒரு ஊரையே அதுக்குள்ள விட்டிருக்கிறீங்கள்?" என்றான். அவன் கேட்டது நியாயம். ஒழுங்கை முழுக்கப் பூட்ட வேண்டியதுதான் என்று முடிவாகியது. மூப்பர் வீடு, கேத்தில்காரி வீடு, ஒப்பாரிக்காரி வீடு, நானா வீடு, எல்லாம். மறுபடியும் மாவைக் காய்ச்சினேன். ஒவ்வொரு படலையாகத் தாள் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசித் தாளை என் சொந்தப் படலையில் ஒட்டிவிட்டு உள்ளே போய் இருந்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நானா மட்டும், "நல்லா அழுத்தி ஒட்டுங்கோ தங்கச்சி, கழுதை தின்னாமல்" என்றார்.

அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. கையை இறக்கினது நான். இந்த ஒழுங்கையில் ஒரு ஆள் மூச்சுத் திணறிப் போனால் அது என் தலையில்தான். ஒப்பாரிக்காரிக்கு ஒருநாள் காய்ச்சல் என்றார்கள். சோதித்து, அது வெறும் மழைக் காய்ச்சல் என்று வந்தபோது, முழங்காலில் நின்று செபமாலை சொன்னேன். பிள்ளையின் தாய்க்கும் நோய் இல்லை என்று வந்தது. அவளும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள், பூட்டின ஒழுங்கைக்குள், பூட்டின வீட்டுக்குள்.

பிள்ளைக்குத் துணி போதவில்லை. நெடுக மழை. அவித்தது காய்கிறதில்லை. அவள் படலையில் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினாள். என்ன தேவை என்று என் வாசலிலிருந்து கத்திக் கேட்டு, அதையே நான் ஒழுங்கைக்குக் கத்தினேன். அடுத்தநாள் மழை விட்டது. எதிர் வீட்டுக்காரி தன் புருசனின் வேட்டியைக் கிழித்து, அவித்து, படலையிலேயே காயப் போட்டாள், பரிசோதகர் தம்பி வரும்போது எடுத்துப் போகட்டும் என்று. அதைக் கண்டு மூப்பர் வீடு போட்டது. நானாவின் பெண்சாதி தொழுகைக்கு உடுக்கிற பழைய வெள்ளைத் துணியைத் தந்தார். "இது என்ர வேலை இல்லை அக்கா" என்று முறுமுறுத்துக்கொண்டு, கையுறையோடு படலை படலையாகப் பீத்துணி சேர்த்தான் அந்தப் பொடியன். ஒரு துண்டையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

லொறிக்காரத் தம்பி திரும்பி வந்த அன்று வெயில் எறித்தது. வாகனம் ஒழுங்கை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பையோடு என் படலைக்கு முன்னால் நின்றான். மெலிந்து போயிருந்தான். ஒழுங்கையை நேரே பார்த்தான். இந்த வரிசையிலும் அந்த வரிசையிலும் ஒவ்வொரு படலையிலும் அன்றைக்குப் புதிதாகக் காயப் போட்ட வெள்ளை. எல்லாம் தெரிந்துதான் வந்தவன், என்றாலும் கால் ஒருகணம் நின்றது.

"இவ்வளவும் ஆருக்கு அக்கா?"

"உன்ர மகளுக்குத்தான்."

அவன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். தன் படலையில் கை வைத்தபோது கதவு திறந்தது. கிழவர் பிள்ளையோடு நின்றார். எந்தச் சட்டத்தையும் காதில் வாங்காத மனிசன். முழு ஒழுங்கைக்கும் கேட்கக் கத்தினார்.

"அங்கையே நில்லடா! கையைக் கழுவு முதல்!"

அவன் திரும்பி, ஒழுங்கை வாசலில் ஒருவரும் தொடாமல் கிடந்த என் வாளியடிக்கு வந்தான். வெடித்துக் காய்ந்திருந்த சவர்க்காரத்தை எடுத்தான். அழுதழுது, முழங்கைவரை, அது கரைந்து முடியுமட்டும் கழுவினான்.